ஆடுகளத்தில் அரசின் முத்திரை

2024 சூலையில் டெல்லி குடியரசுத் தலைவர் மாளிகையில் மூன்று கோப்பைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. டூரண்ட் கோப்பை, சிம்லா கோப்பை, குடியரசுத் தலைவர் கோப்பை. திரௌபதி முர்மு அவற்றை அறிமுகம் செய்து வைத்து, ஆடப்போகும் அணிகளை வாழ்த்தினார். அடுத்த ஆண்டு சூலையிலும் அதே மாளிகையில் அதே நிகழ்ச்சி நடந்தது. அதில் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. நாட்டின் முப்படைகளுக்கும் தலைவரானவர் ஒரு கால்பந்துப் போட்டியின் பக்கத்தில் வந்து நின்றார். அந்த நிற்றலுக்குத்தான் அன்றைய மதிப்பு.

இப்படி ஓர் அரசு ஒரு பழைய விளையாட்டுப் போட்டியைத் தனதென்று ஏற்று நிற்பதால் அந்தப் போட்டிக்கு என்ன கிடைக்கிறது? ஆடுகிறவனுக்கு என்ன கிடைக்கிறது, ஊருக்கு என்ன கிடைக்கிறது? டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் மட்டும் உரிய கேள்வி அல்ல இது. பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டாரத்தில் பொங்கலை ஒட்டி நடக்கும் கபடி, வாலிபால் போட்டிகளுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போதும் இதே கேள்விதான் வேறு உருவில் எழுகிறது. யாரைத் தலைமை தாங்க அழைப்பது, யார் பெயரில் சுழற்கோப்பை, யார் கையால் பரிசு என்று ஊரில் பேச்சு நடக்கும்போது, அரசின் நிழல் ஆட்டத்தின் மேல் எவ்வளவு விழ வேண்டும் என்பதையே நாம் முடிவு செய்துகொண்டிருக்கிறோம். இதற்கு விடை தேட நூறாண்டு தாண்டிய சில போட்டிகளின் வரலாற்றைப் பார்ப்பது உதவும். அவற்றில் இரண்டு, படைவீரர்களின் கால்பந்துப் போட்டிகள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டூரண்ட் கோப்பை 1888-இல் பிறந்தது. பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளராக இருந்த சர் மார்ட்டிமர் டூரண்ட், மலைப்பகுதிகளில் தங்கியிருந்த பிரிட்டிஷ் படைகளுக்காகத் தொடங்கிவைத்த போட்டி அது. ஆசியாவிலேயே பழைமையான கால்பந்துப் போட்டி. முதல் கோப்பையை ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற படைப்பிரிவு வென்றது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் வெற்றியாளர் பட்டியல் முழுக்கப் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளின் பெயர்களே. ஆள்கிறவர்களின் ஆட்டமாகவே அது இருந்தது.

1940-இல் போட்டி டெல்லிக்கு வந்தது. அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்றது. இந்திய அணி ஒன்று அக்கோப்பையைத் தொட்டது அதுவே முதல் முறை. பிறகு உலகப் போரும் பிரிவினையும் வந்தன. ஆட்டம் நின்றது. பிரிட்டிஷ் படைகள் கப்பலேறின. யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களே போய்விட்ட பின் ஒரு போட்டி செத்துப்போவதுதான் வழக்கம். சென்னையில் அப்படி நடந்தது. சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதிய பிரெசிடென்சி கிரிக்கெட் ஆட்டம், ஊரே திரண்டு பார்த்த விழா. வெள்ளையர் வெளியேறியபின் எதிரணி திரட்ட ஆளில்லாமல் 1952 வாக்கில் முடிவுக்கு வந்தது.

டூரண்ட் மட்டும் பிழைத்தது. அதற்குக் காரணம் இந்தியப் படை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும், போட்டியின் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டதும்தான். 1950-இல் மீண்டும் தொடங்கியபோது வென்றது ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி. 1956-இல் முதல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் தம் பதவியின் பெயரால் ஒரு கோப்பையை வழங்கினார். வெள்ளை அதிகாரி ஒருவரின் பெயரைச் சுமந்த கோப்பைக்குப் பக்கத்தில் குடியரசின் கோப்பை வந்து அமர்ந்தது. பழைய பெயரை அழிக்கவில்லை, புதியதைச் சேர்த்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. வரலாற்றை மாற்றி எழுதாமலேயே ஒரு போட்டியை நாட்டுடைமையாக்கிக்கொள்ள முடியும் என்று அது காட்டியது.

இந்த ஐம்பதுகளின் பட்டியலில் நம்மவர் கவனிக்க வேண்டிய வரிகள் சில உண்டு. 1953 இறுதியாட்டத்தில் மோகன் பகானை எதிர்த்து ஆடியது தேசியப் பாதுகாப்பு அகாடமி. பயிற்சியில் இருந்த இளம் படைமாணவர்களின் அணி அது. அகாடமி அப்போது டேராடூனில் இருந்தது. புனே அருகே கடக்வாஸ்லாவுக்கு அது பெயர்ந்தது 1955 தொடக்கத்தில்தான். 4-0 என்று தோற்றாலும், ஒரு படைக் கல்லூரி நாட்டின் முதன்மையான கால்பந்துப் போட்டியின் இறுதிவரை வந்தது சாதாரணச் செய்தி அல்ல.

அடுத்து 1955. அந்த ஆண்டுக் கோப்பை நீலகிரிக்கு வந்தது. வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி, இந்திய விமானப்படை அணியை இறுதியில் வென்றது. தரைப்படைக்காரர்களும் விமானப்படைக்காரர்களும் நேருக்கு நேர் மோதிய இறுதியாட்டம். மூன்றாண்டு கழித்து 1958-இல் அதே வெலிங்டன் அணி கூர்க்கா பிரிகேடை வீழ்த்தி மறுபடியும் வென்றது. இந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர். படையில் சேர்ந்த புதிதில் முன்கள வீரராக ஆடி, பின்பு கோல் கம்பத்துக்கு வந்தவர். 1956 மெல்போர்னிலும் 1960 ரோமிலும் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். சாதாரணப் படைவீரனாகச் சேர்ந்த ஒருவரை ஒலிம்பிக்வரை கொண்டு போனது ரெஜிமெண்டின் மைதானமும், அந்த மைதானத்துக்கு ஓர் இலக்காக ஆண்டுதோறும் தவறாமல் நடந்த போட்டியும். ‘தவறாமல்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். அரசின் அங்கீகாரம் ஒரு போட்டிக்குத் தரக்கூடிய மிகப் பெரிய செல்வம் தொடர்ச்சிதான்.

இனி கடல் கடந்து போவோம். உலகில் படைக் கல்லூரிகளின் கால்பந்துப் பகை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் ஆர்மி-நேவி ஆட்டம். வெஸ்ட் பாயிண்டில் உள்ள தரைப்படை அகாடமிக்கும் அனாபொலிஸில் உள்ள கடற்படை அகாடமிக்கும் இடையே ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது. அவர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரியை முட்டித்தள்ளி முன்னேறும் ஆட்டம். 1890 நவம்பர் 29 அன்று வெஸ்ட் பாயிண்டில் முதல் ஆட்டம் நடந்தது. கடற்படை 24-0 என்று வென்றது. தரைப்படைப் பக்கம் அந்த ஆட்டத்தை முன்னின்று நடத்தியவர் டெனிஸ் மிக்கி என்ற மாணவர். எட்டாண்டு கழித்து ஸ்பெயினுடனான போரில் கியூபாவில் உயிரிழந்தார். வெஸ்ட் பாயிண்டின் விளையாட்டரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தப் போட்டிக்கும் அமெரிக்க அரசுக்கும் உள்ள உறவு தடையில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1893 ஆட்டத்துக்குப் பிறகு ஒரு கடற்படை உயரதிகாரிக்கும் தரைப்படைத் தளபதி ஒருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, துப்பாக்கிச் சண்டைவரை போகப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அதிபர் குரோவர் கிளீவ்லாந்தின் அமைச்சரவையே உட்கார்ந்து இதைப் பேசியது. இரு அகாடமிகளும் தத்தம் வளாகத்தில் மட்டுமே ஆடலாம், வெளியே போகக்கூடாது என்று ஆணை வந்தது. இருவரும் வீட்டைவிட்டு நகரக்கூடாது என்றால் எப்படி மோதுவது? 1894 முதல் 1898 வரை ஆட்டமே இல்லை. 1897-இல் கடற்படைத் துறையின் துணைச் செயலாளராக இருந்த தியடோர் ரூசவெல்ட், போர்த்துறைச் செயலாளருக்குக் கடிதம் எழுதி ஆட்டத்தை மீட்கக் கேட்டார். 1899-இல் இரு அகாடமிகளுக்கும் நடுவிலுள்ள ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டம் மறுபடி தொடங்கியது. அதே ரூசவெல்ட் 1901-இல் அதிபராக அரங்குக்கு வந்தார். முதல் பாதியை ஒரு பக்கமும் மறு பாதியை மறு பக்கமும் உட்கார்ந்து பார்த்தார். நாட்டின் தலைவர் இரு பிள்ளைகளுக்கும் பொதுவானவர் என்று காட்ட அதைவிட எளிய வழி இல்லை. பின்வந்த அதிபர்கள் பலர் அதைப் பின்பற்றினார்கள்.

தடுத்த கையே பிறகு தாங்கியது. ஆனால் தாங்கிய கை தன் தேவைக்கும் ஆட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டது. முதல் உலகப் போரில் 1917, 1918 ஆண்டுகளில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் நிறுத்தவில்லை, ஒடுக்கி நடத்தினார்கள். 1942-இல் அனாபொலிஸில் ஆட்டம். சுற்றுவட்டாரத்து மக்கள் மட்டும் பார்க்கலாம் என்று கட்டுப்பாடு. தரைப்படை மாணவர்கள் பயணம் செய்ய அனுமதி இல்லாததால், கடற்படை மாணவர்களிலேயே ஒரு பகுதியினர் எதிரணிக்காகக் குரல் கொடுக்கும்படி பணிக்கப்பட்டார்கள். 1944-இல் பால்டிமோரில் போர்க் கடன் பத்திரம் வாங்குவோருக்கு டிக்கெட் என்று வைத்ததில் 5 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அரசு ஓர் ஆட்டத்தின் மேல் தன் முத்திரையைக் குத்தும்போது அதன் செலவில் ஒரு பகுதியை அந்த ஆட்டத்திடமே வாங்கிக்கொள்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. போர்க்காலத்தில் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கடற்படையில் பணியாற்றிய அவர் இந்த ஆட்டத்தின் இரசிகர். அந்த ஆண்டு ஆட்டத்தை ரத்து செய்துவிடலாம் என்றே பலர் நினைத்தார்கள். நடத்த வேண்டும் என்று விரும்பியவர் அவருடைய மனைவி ஜாக்குலின். ஒரு வாரம் தள்ளி டிசம்பர் 7 அன்று ஆடினார்கள். கடற்படை 21-15 என்று வென்றது. தொலைக்காட்சியில் ஆட்டக் காட்சியை உடனே மறுபடி காட்டும் முறை முதன்முதலாகப் பயன்பட்டது அன்றுதான். அரசு ஆணையால் நிகழாத அங்கீகாரம் அது. ஒரு நாடு துக்கத்தில் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும் என்று ஒரு விதவை எடுத்த முடிவு.

1972 முதல் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்று அகாடமிகளுக்கும் இடையே, படைத் தலைமைத் தளபதியான அதிபரின் பதவிப் பெயரில் ஒரு கோப்பை இருக்கிறது. ஏறக்குறைய 77 கிலோ எடை. வெல்லும் அணியை வெள்ளை மாளிகைக்கு அழைப்பது வழக்கம். 2009 முதல் ஆர்மி-நேவி ஆட்டம் டிசம்பர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமைக்கு வந்தது. மற்றக் கல்லூரி ஆட்டங்கள் அநேகமாக முடிந்துவிட்ட நேரம் அது. 2025 டிசம்பரில் 126-ஆவது முறையாக மோதியபோது கடற்படை 17-16 என்று ஒரே புள்ளியில் வென்றது. ஆனால் கல்லூரிக் கால்பந்தின் வெளியேற்றுச் சுற்றுகள் விரிந்துகொண்டே போகின்றன. ஒளிபரப்புப் பணமும் பெருகுகிறது. அந்தச் சனிக்கிழமையும் பறிபோகும் என்ற அச்சம் எழுந்தது. 2026 சனவரியில் அதிபர் டொனால்ட் டிரம்ப், அந்த நாளில் நான்கு மணி நேரத்தை இந்த ஆட்டத்துக்கு மட்டுமே ஒதுக்கும் ஆணையைப் பிறப்பிக்கப்போவதாக அறிவித்தார்.

இந்த அறிவிப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தனியார் ஒளிபரப்பு நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் ஓர் அதிபரின் கையெழுத்து எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது சட்டப்படி எளிதில் முடியாத வழக்கு. கட்டுப்படுத்தாமலே போனாலும், ‘இந்த நாளைத் தொடாதீர்கள்’ என்று அரசு சொன்னது ஒரு செயல். விளையாட்டுப் போட்டிகளுக்கு வழங்கப்படும் வாழ்த்துத் தீர்மானங்களும் பாராட்டுப் பத்திரங்களும் பெரும்பாலும் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டப்படுவதோடு முடிந்துபோகின்றன. இது வேறு. காக்க வேண்டியது இன்னதென்று குறிப்பிட்டுச் சொன்னது. அதன் பின்னிருக்கும் அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வெறும் அடையாளச் செயலாக இருந்தாலும் அங்கீகாரம் குறியோடு இருந்தால் பயன் உண்டு என்பதை அது காட்டுகிறது.

அந்த ஆட்டத்தின் உயிர் இருக்குமிடம் இன்னொன்று. ஆட்டம் முடிந்ததும் இரு அணி வீரர்களும் ஒன்றாக நடந்து போய், முதலில் தோற்ற அகாடமி மாணவர்களின் முன் நின்று அவர்களுடைய கல்லூரிப் பாட்டுக்கு மரியாதை செய்கிறார்கள். பிறகு ஒன்றாகவே வென்றவர்களின் பக்கம் போய் அவர்கள் பாட்டுக்கு நிற்கிறார்கள். இன்னும் சில மாதங்களில் ஒரே நாட்டின் படைகளில் தோளோடு தோள் நிற்கப்போகிறவர்கள் அவர்கள். வெள்ளை மாளிகை இதை உண்டாக்கவில்லை. இரு பக்கத்தாரும் தாங்களாகவே வளர்த்துக்கொண்ட மரபு. ஒரு பகையை விழாவாக்குவது இதுதான். அதிபர் வருவதும் போவதும் அதன் மேல் ஏறிய மெருகு.

மெருகேற்ற வந்தவர் ஆட்டக்காரனை மறைத்துவிடுவதும் உண்டு. 2022 செப்டம்பரில் கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பையை பெங்களூரு அணி வென்றது. பரிசளிப்பு மேடையில், அப்போது மேற்கு வங்க ஆளுநர் பொறுப்பை வகித்த இல. கணேசன், படத்துக்கு நிற்கையில் அணித்தலைவர் சுனில் சேத்ரியைக் கையால் ஒதுக்கும் காட்சி நாடு முழுக்கப் பரவியது. இந்தியாவுக்காக மிக அதிக கோல் அடித்த வீரர், தான் வென்ற கோப்பையின் படத்திலேயே ஓரமாகத் தள்ளப்பட்டதைக் கண்டு இரசிகர்கள் கொதித்தார்கள். மறைந்த அந்தத் தலைவரைத் தனியே குற்றம் சொல்லி என் மனம் ஆறாது. அது ஒருவரின் பிழை மட்டுமல்ல, நம் மேடைகளின் பழக்கம். நம் ஊர்ப் போட்டிகளிலும் பரிசு வாங்கும் படத்தில் வேட்டி சட்டைகளின் நடுவே ஜெர்சியைத் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டாண்டு கழித்து அதே கொல்கத்தாவில் அரசின் கை வேறொரு விதமாக விழுந்தது. 2024 ஆகஸ்ட் 18 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுவதாக இருந்தது. ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரம் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். போதிய காவலர்களை ஒதுக்க முடியாது என்ற காரணத்தால் ஆட்டம் ரத்தானது. நூறாண்டாக ஒருவரை ஒருவர் வசைபாடி வந்த இரு அணி இரசிகர்களும், முகமதன் இரசிகர்களும் சேர, சால்ட் லேக் மைதானத்தின் வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். ஓர் அணியின் இரசிகர் எதிரணி இரசிகரைத் தோளில் தூக்கி நின்ற படத்தை மறக்க முடியாது. அமெரிக்காவில் அமைச்சரவை கூடித் தடுத்தபோது ஐந்தாண்டு நின்றுபோனது அங்கத்திய ஆட்டம். இங்கே ஆட்டம் நின்ற அன்றே இரசிகர்கள் பகையின் உள்ளே இருந்த உறவை வெளியே கொண்டுவந்தார்கள். பகை மக்களுடையது. அதை ரத்து செய்ய ஆணையால் ஆகாது.

ஈழத்திலும் இதற்கு இணையானது உண்டு. யாழ். மத்திய கல்லூரிக்கும் யாழ். பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்ட (கிரிக்கெட்) போட்டி 1904-இல் தொடங்கியது. வடக்கின் சமர் என்று அங்குள்ளவர்கள் அழைக்கிறார்கள். உண்மையான போர் வந்தபோது சில ஆண்டுகள் ஆட்டம் நடக்கவில்லை. போர் தணிந்தபோதெல்லாம் திரும்பி வந்தது. பழைய மாணவர்கள் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அந்த மூன்று நாளுக்காக ஊர் திரும்புகிறார்கள். கொழும்பில் ரோயல் கல்லூரிக்கும் செயின்ட் தாமஸ் கல்லூரிக்கும் இடையிலான போட்டி அதைவிடப் பழையது. அதன் கேடயம் இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் பெயரைத் தாங்குகிறது. அவரே செயின்ட் தாமஸ் அணிக்காக ஆடியவர். ஆடியவரின் பெயரைக் கேடயத்துக்கு வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு நாட்டின் ஆட்சி ஒரு போட்டியை எவ்வளவு நேசித்தாலும், பழைய மாணவர்கள் பயணச்சீட்டு எடுக்கவில்லை என்றால் அது நிற்காது என்பதை யாழ்ப்பாணத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் அரசின் அங்கீகாரத்துக்கு மக்கள் தெருவில் இறங்கியது ஜல்லிக்கட்டுக்காக. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வாழ்த்தும் வருத்தமும் தெரிவிக்கும் அறிக்கைகளுக்கு அப்போது பஞ்சமில்லை. மக்கள் கேட்டது சட்டம். 2017 சனவரியில் மெரினா திரண்ட பிறகு அவசரச் சட்டமும் தொடர்ந்து சட்டத் திருத்தமும் வந்தன. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அது செல்லும் என்றது. அடையாளத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை நம் மக்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

சட்டம் வந்தால் அதன் சுமையும் வரும். மாட்டுக்கு மருத்துவப் பரிசோதனை, வீரருக்குப் பதிவு, இரட்டைத் தடுப்பு, ஆட்சியர் அனுமதி, அரசிதழில் ஊர்ப் பெயர். இவை உயிரைக் காக்க வந்தவை, வேண்டியவை. ஆனால் அரசிதழில் பெயர் ஏறாத சிற்றூரின் பழைய மஞ்சுவிரட்டு, பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. அங்கீகாரம் ஒரு கோடு கிழிக்கிறது. கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தாத்தா காலத்து வழக்கம் சான்றாவதில்லை, காகிதம்தான் சான்று. இன்னொன்றும் கவனித்தேன். மதுரை மாவட்டம் கீழக்கரையில் அரசு பெரிய ஏறுதழுவுதல் அரங்கைக் கட்டி 2024 சனவரியில் திறந்தது. அலங்காநல்லூர்க்காரர்களோ பொங்கல் ஜல்லிக்கட்டைப் பழைய வாடிவாசலிலேயே நடத்துகிறார்கள். அரங்கை அரசு கட்டலாம். மரபு எங்கே நிற்க வேண்டும் என்பதை ஊர்தான் முடிவு செய்யும்.

எங்கள் பகுதிக்கு அரசு அங்கீகாரம் புதிதல்ல. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழனின் ஆடித் திருவாதிரை இப்போது அரசு விழா. 2025 சூலை 27 அன்று பிரதமர் நரேந்திர மோடி வந்து நினைவு நாணயம் வெளியிட்டார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறக்குறைய 12 கோடி ஆண்டு பழைமையான கல்மரம் கிடக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். தேசியப் புவியியல் சின்னம் என்ற பெயர் வந்தது, வேலியும் பாதுகாப்பும் வந்தன. பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரம் துண்டு துண்டாகப் பெயர்த்துப் போகப்படாமல் இருப்பது அதனால்தான். பெயர் சூட்டியதோடு நின்றிருந்தால் அது தப்பியிருக்குமா என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

மன்னனுக்கு விழா இருக்கிறது, கல்லுக்கு வேலி இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் ஆடும் மைதானத்துக்கு என்ன இருக்கிறது? மக்காச்சோளமும் பருத்தியும் அறுத்த காட்டில், ஏரிக்கரையில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடக்கும் புறம்போக்கில்தான் நம் கபடிக் களங்கள் பெரும்பாலும் போடப்படுகின்றன. இரவெல்லாம் விளக்கு போட்டு, மைக்கில் வர்ணனை சொல்லி, விடியும்வரை ஆடுகிறார்கள். இறந்துபோன நண்பன் பெயரில், படையில் உயிர்நீத்தவர் பெயரில் சுழற்கோப்பை வைக்கிறார்கள். எந்த ஊரை எந்த ஊர் எந்த ஆண்டு வென்றது என்பது வயதானவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நடக்கின்றன. ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்களும் வந்தன. அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இடம்பெற்றது. இவையெல்லாம் நல்ல செயல்கள், மனதாரப் பாராட்டுகிறேன். இவற்றில் எதுவும் ஊருக்கும் ஊருக்கும் உள்ள பழைய போட்டியைத் தொடவில்லை.

அதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. குன்னம் வட்டம் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்துச் செந்துறை அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. சட்டமன்றத் தொகுதி இரண்டையும் சேர்த்து ஒன்றாக வைத்திருக்கிறது. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே இணைந்து, 2007-இல் மறுபடி பிரிந்தது. இந்தக் கோடுகள் மாறும்போதெல்லாம் எல்லையோர ஊர்களின் கபடி செட்டுகள் கோட்டைப் பார்க்காமல் மோதிக்கொண்டுதான் இருந்தன. மாவட்ட அளவில் நடக்கும் அரசுப் போட்டியில் அந்தப் பழைய எதிராளிகள் சந்திக்கவே மாட்டார்கள். நிர்வாகத்தின் எல்லை ஒன்று, பகையின் எல்லை இன்னொன்று. 1890-களின் அமெரிக்க ஆணை செய்ததை நம் மாவட்டக் கோடு தெரியாமலே செய்துகொண்டிருக்கிறது.

நூறாண்டுப் போட்டிகளைப் பார்த்தபின் எனக்கு ஒன்று தெளிவாகிறது. அரசு ஒரு கடமையை ஏற்றுக்கொள்ளும்போதுதான் அதன் அங்கீகாரத்துக்கு எடை வருகிறது. நாளைக் காப்பது, களத்தைக் காப்பது, ஆண்டுதோறும் நடக்கும் என்று உறுதி தருவது, நடந்ததைப் பதிவு செய்து வைப்பது ஆகியவையே அந்தக் கடமைகள். இராஜேந்திர பிரசாத் தந்த கோப்பையின் பின்னால் இந்தியப் படையின் இந்த உழைப்பு இருந்ததால்தான் அது இன்னும் மின்னுகிறது. மேடையில் ஓர் இருக்கை மட்டும் பிடிக்கும் அங்கீகாரத்துக்கு அந்த மாலையோடு ஆயுள் முடிந்துவிடும்.

ஆகவே அமைச்சர் வருகையையோ பெரிய அரங்கத்தையோ நாம் முதலில் கேட்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் இடம் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். புறம்போக்கு என்றிருந்தால், விளையாட்டு மைதானமாக வகைமாற்றம் கேட்டுத் தீர்மானம் போடலாம். உங்கள் ஊருக்கும் எதிர் ஊருக்கும் நடக்கும் போட்டிக்கு ஒரு நிலையான நாளைக் குறித்து, அந்த நாளில் மின் இணைப்புக்கும் காவலுக்கும் மாவட்ட நிர்வாகம் பொறுப்பேற்கக் கேட்கலாம். செந்துறைப் பக்கத்து ஊரானால் இரண்டு ஆட்சியர்களுக்கும் மனு போகட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பழைய ஆட்டக்காரர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, எந்த ஆண்டு யார் வென்றார்கள், யார் அந்த ரைடு போனார் என்று எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். பரிசு தரும்போது கோப்பையை வீரன் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் பின்வரிசையில் நில்லுங்கள். பொங்கல் முடிந்து பத்தே நாளில் சனவரி 26 கிராம சபை கூடுகிறது. அந்தக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் உங்கள் ஊர்ப் போட்டியும் இடம்பெறட்டும்.